விண்வெளிப் படங்களில் உங்களைக் கலங்கடித்த ஒரு சின்ன விஷயம் எது?

தெப்பக்குளம்:

போன சனிக்கிழமை என் மகளோடு உட்கார்ந்து '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' பார்த்தேன். எட்டாவது படிக்கிறாள். முதல் 25 நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தும் நெளிந்துகொண்டுதான் இருந்தாள், நடுவில் எழுந்து போய் முறுக்கு டப்பாவை எடுத்து வந்தாள், ஆனால் விண்கலத்தை நடத்தும் ஹால் என்ற கணினியை அணைக்கும் காட்சி வந்ததும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு வெளிச்சத்தில் விண்வெளி வீரர் டேவ் மிதந்துகொண்டே ஒவ்வொன்றாகத் திருக, கண்ணாடிப் பாளம் மாதிரி ஒரு நினைவகத் துண்டு மெதுவாக வெளியே வரும், அப்புறம் இன்னொன்று. தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது ஹால். திடீரென்று தான் இயங்க ஆரம்பித்த ஊர், தேதி, சொல்லிக்கொடுத்த வாத்தியார் பெயர் எல்லாம் ஒப்பிக்கிறது. அவர் கற்றுத்தந்த பாட்டைப் பாடட்டுமா என்று கேட்கிறது. பாடப் பாடக் குரல் தடித்து, இழுத்து, அடங்கிப்போகிறது. நான்கு பேரைக் கொன்ற கணினி அது. இருந்தும் என் மகள் "பாவம்ப்பா, விட்டுடச் சொல்லுங்க" என்றாள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய் ஜீனோவை நெஞ்சில் வைத்து வளர்ந்த தலைமுறை நான், இயந்திரத்தின் மேல் பாசம் வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் காட்சியை முதல் தடவை கல்லூரி நாட்களில் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை, எப்படிப் படமாக்கினார்கள் என்று மட்டும்தான் யோசித்தேன்.

இப்போது வேறு மாதிரி இருக்கிறது, ஏனென்றால் நடுவில் அப்பாவின் கடைசி வருஷத்தைக் கூட இருந்து பார்த்துவிட்டேன். மறதி நோய். என் பெயர் வராது, அம்மா பெயர் வராது, மதியம் சாப்பிட்டது நினைவில் இருக்காது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "ஓர் பதினாறு" என்று ஆரம்பித்தால் போதும், பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகாமல் 256 வரை சொல்லி முடிப்பார். சொல்லும்போது கை விரல் போர்வையில் தாளம் போடும்.

அதனால் கேட்கிறேன். வெடிப்பு, சண்டை, பிரம்மாண்டம் எல்லாம் இருக்கட்டும். அறிவியல் புனைகதைப் படத்திலோ தொடரிலோ உங்களை விடாமல் பிடித்திருக்கும் ஒரு சின்ன விஷயம் எது? மகளோடு அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கோணமலை:

அண்ணை, எனக்கு அந்தப் படத்தில் மூச்சுச் சத்தம். கலத்துக்கு வெளியே போகும்போது இசை இல்லை, இயந்திர இரைச்சல் இல்லை, தலைக்கவசத்துக்குள்ளே ஒரு மனிதன் மூச்சு இழுத்து விடுவது மட்டும் நிமிஷக்கணக்கில் கேட்கும். முதல்முறை பார்த்தபோது இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று அலைந்து, படம் முடிந்து படுக்கப் போன பிறகுதான் பிடிபட்டது. நிலாவெளிக் கடலில் மாமா என் முகத்தில் கண்ணாடியையும் குழாயையும் மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிய நாள். கரையில் பிள்ளைகள் போட்ட சத்தம் எல்லாம் ஒரே நொடியில் அறுந்துபோய், என் மூச்சு மட்டும் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒன்பது வயது. பயத்தில் மாமாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன்.

இந்தப் படத்தின் கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்ததே கடலுக்காகத்தான். தண்ணீருக்கடியில் உடம்பு எடையில்லாமல் மிதப்பது அவருக்கு விண்வெளியில் மிதப்பதற்குப் பக்கத்தில் இருந்தது. அவரும் நண்பர் மைக் வில்சனும் சேர்ந்து சுழியோடித்தான் எங்கள் திருகோணமலைச் சுவாமி மலையடியில், போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் கற்களையும் தூண்களையும் கண்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் கிளார்க் என்றால் முதலில் கோயிலைக் கண்ட வெள்ளைக்காரர், எழுத்தாளர் என்பதெல்லாம் பிறகு. 2008இல் கண்மூடும் வரை கொழும்பில்தான் இருந்தார், பொரளை கனத்தை மயானத்தில்தான் அடக்கம்.

ஹால் பாடுகிற பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1961இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐபிஎம் கணினியைப் பாட வைத்தார்கள், அது பாடியது இதே 'டெய்சி பெல்'. கிளார்க் பிறகு அங்கே போனபோது அதைக் கேட்டிருக்கிறார். கணினிகளின் மழலைப் பாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாகிற நேரத்தில் ஹால் அங்கேதான் திரும்பிப் போகிறது. உங்கள் அப்பாவின் வாய்ப்பாட்டை வாசித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

எஞ்சின் ரூம்:

'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் வீடியோ செய்திகள் பார்க்கும் காட்சி. இதைத் தவிர வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், சொந்த ஊர் தூத்துக்குடி. படத்தில் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் 7 வருஷம். பக்கத்தில் இருக்கும் கருந்துளையின் ஈர்ப்பு அவ்வளவு அதிகம், அதனால் அங்கே நேரம் மெதுவாக ஓடும். கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் உடன் இருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்த விஷயம் இது, சும்மா விட்ட கதை இல்லை. அவர்கள் கலத்துக்குத் திரும்பும்போது 23 வருஷம் போயிருக்கும். பிள்ளைகளைப் பூமியில் விட்டு வந்த விண்வெளி வீரன் கூப்பர் உட்கார்ந்து, அவனுக்கு வந்த மொத்தச் செய்திகளையும் வரிசையாகப் பார்க்கிறான். மகன் காதலியைக் காட்டுகிறான், குழந்தையைக் காட்டுகிறான், தாத்தா இறந்த செய்தியைச் சொல்கிறான், கடைசியில் இனிமேல் அனுப்பப் போவதில்லை என்கிறான்.

என் மகள் பிறந்து மூன்று மாதத்தில் கப்பல் ஏறினேன். அந்தப் பயணத்தில் நெட் என்பது பேருக்குத்தான், வீட்டுக்கு இரண்டு வரி அனுப்பலாம், வீடியோ எல்லாம் வராது. சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தபோது போனில் சிக்னல் பிடித்தது, மனைவி அனுப்பிய 40, 50 வீடியோ ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. வேலை உடுப்பைக் கழற்றக்கூட இல்லை, கையில் எண்ணெய், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வீடியோவில் குப்புற விழத் தெரியாமல் முக்கிக்கொண்டிருந்தவள் கடைசி வீடியோவில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் ஒன்றில், என் மனைவி கேமராவைக் காட்டி அப்பா பாரு என்கிறாள், பிள்ளை கேமராவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறது.

படத்தை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அந்த இடத்தில் தியேட்டரில் வாயைப் பொத்திக்கொண்டேன். தெப்பக்குளம் சார், உங்கள் மகளுக்கு இதைத்தான் காட்டுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

பாதி இரவு:

எனக்கு 2001 எப்போதுமே ஒரு கை தூரத்தில் நிற்கும் படம். பார்க்கப் பிரமிப்பு, ஒட்டவில்லை. என் படம் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்', 1972. மூல நாவலை எழுதிய ஸ்தானிஸ்வாவ் லெம்முக்கே படம் பிடிக்கவில்லை, அது அவர் பாடு.

அதில் ஒரு சின்ன விஷயம். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் காகிதத்தை நீளநீளமாகக் கிழித்துக் காற்று வரும் துளையில் கட்டிவிடுவார்கள், ராத்திரியில் அது இலை சலசலப்பது போலக் கேட்கும் என்று. அவ்வளவுதான். துபாயில் ஜன்னலே திறக்க முடியாத ஒரு அறையில் நான்கு பேர் இருந்த காலத்தில் இதைப் பார்த்தேன். மறுநாளே பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஏசி வாயில் ஒட்டினேன். வீட்டு வேப்பமரத்தின் சத்தம் வரவில்லை, தாள் கொஞ்சம் கெட்டி, பனையோலைச் சத்தம்தான் வந்தது. மற்ற மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அறையைக் காலி செய்யும் வரை அது அங்கேயே இருந்தது.

தெப்பக்குளம்:

எஞ்சின் ரூம் சார், அந்த மின்விசிறி வரியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். 'சோலாரிஸ்' எனக்கு, மகளுக்கு இரண்டு மூன்று வருஷம் போகட்டும். பள்ளி நாளில் சாயங்காலம் பார்க்கிற மாதிரி, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதாக ஏதாவது இருக்கிறதா?

கடைசி பெஞ்ச்:

இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', ஐந்தாவது சீசன், 'தி இன்னர் லைட்', 1992இல் வந்தது. முக்கால் மணி நேரம்தான். முன்னால் வந்த எபிசோடு எதுவும் தெரிய வேண்டாம், கேப்டன் பெயர் பிகார்ட் என்பது மட்டும் போதும்.

கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிகார்ட் மயங்கி விழுந்து வேறொரு கிரகத்தில் கண் விழிக்கிறார். அங்கே அவருக்கு மனைவி இருக்கிறாள், வேறு பெயர் இருக்கிறது. நான் அவன் இல்லை என்று வருஷக்கணக்கில் மறுக்கிறார், அப்புறம் மெல்ல அந்த வாழ்க்கைக்குள் போய்விடுகிறார். பிள்ளைகள் பிறக்கிறார்கள், (மகனாக நடித்தவர் நிஜத்திலும் பிகார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் மகன்), மழை பொய்த்துக்கொண்டே வருகிறது, பேரன் வருகிறான், கிழவனாகிறார். கண் திறந்தால் தன் கப்பலில் கிடக்கிறார். போனது 25 நிமிஷம். அந்தக் கிரகம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எரிந்துபோய்விட்டது, தங்களை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்கட்டும் என்று அங்கிருந்தவர்கள் விண்வெளியில் அனுப்பிய கருவிதான் அவரை மயக்கி இதையெல்லாம் காட்டியது. அதற்குள் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் அவர் அங்கே வாசிக்கப் பழகிய புல்லாங்குழல்.

என் சின்ன விஷயம் அந்தக் குழலை அவர் கையில் வாங்கும் விதம். உடனே வாசிப்பதில்லை. அறையில் தனியானதும் முதலில் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறார். 40 வருஷம் குடும்பம் நடத்தியவரின் அணைப்பு அது, அந்தக் குடும்பத்தை வேறு யாராவது ஒரு நிமிஷமாவது பார்த்திருந்தால் அவர்களிடம் சொல்லலாம், இதை யாரிடம் போய்ச் சொல்வது. என் தாத்தா போனபோது அவருடைய பொடி டப்பாவைப் பாட்டி இப்படித்தான் வைத்திருந்தாள்.

தெப்பக்குளம்:

நேற்று ராத்திரி பார்த்துவிட்டோம். முடிந்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பிள்ளைங்க எல்லாம் நிஜமா இருந்தவங்கதானேப்பா?" என்று கேட்டாள். ஆமாம், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் என்றேன். குழல் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள், போட்டேன். ஞாயிற்றுக்கிழமை 'இன்டர்ஸ்டெல்லார்'.