1978 கதை, தஞ்சோங் ரம்புத்தான் வார்டு: அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்) கேட்டது:

குறுநாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. காலம் 1978. நாயகன் மாரிமுத்து, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர், வயது 34. பல வாரமாகத் தூக்கமில்லை. நிரைக்குள் (மர வரிசைக்குள்) யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்கிறார். ஒரு நாள் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரை, எதிர்த்துப் பேசிவிடுகிறார். தோட்டத்து டிரெசர் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) கடிதம் கொடுக்கிறார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே ஒரு தலைமை மிஸ்ஸி (நர்ஸ்) வார்டையே ஆட்டிப்படைக்கிறாள். மாரிமுத்து மட்டும் அடங்கவில்லை. கடைசியில் தலையில் மின்சார ஷாக் கொடுத்து அவரை மரக்கட்டையாக்கி விடுகிறார்கள்.

தனிமனிதன், அதிகாரம் என்பதுதான் கரு. ஆனால் வார்டுக் காட்சிகள் எல்லாம் வேறு நாட்டுச் சரக்கு மாதிரி இருக்கின்றன. எங்கே பிசகு? மருந்து, ஷாக், சட்டம் மூன்றிலும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மோர் வாசகி:

முதல் பிசகு அந்த மிஸ்ஸிதான். அந்தக் காலத்து ஆண் வார்டை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆண் எச்.ஏ.க்களும் (ஆஸ்பத்திரி உதவியாளர்கள்) அட்டென்டன்களும். அது சின்னத் திருத்தம். பெரிய திருத்தம் வேறு: ஒரு கொடுமைக்காரியை வைத்துவிட்டால், அவளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதையே சொல்லிவிடுகிறது. வார்டு அப்படி இயங்காது. அதிகாரம் சாவிக்கொத்தில் இருக்கும், ஷிப்ட் மாறும்போது தலை எண்ணுவதில் இருக்கும், சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணுவதில் இருக்கும். ஒரு கரண்டி குறைந்தால் வார்டு முழுக்க உட்கார்ந்தே கிடக்க வேண்டும். அங்கே நல்ல அட்டென்டனும் எண்ணத்தான் செய்வார்.

1961இல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் இந்த வகை இடங்களுக்கு ஓர் இலக்கணம் சொன்னார்: தூங்குவது, உழைப்பது, பொழுதைப் போக்குவது மூன்றும் ஒரே வேலிக்குள், ஒரே நிர்வாகத்தின் கீழ். இதைப் படிக்கிற தோட்டத்து ஆளுக்குச் சிரிப்பு வரும். லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, நிர்வாகத்தின் வீடு. விடியுமுன் மணி, பெரட்டு, செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேட்டில்) பெயர், வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. வரிசையில் நிற்பது மாரிமுத்துவுக்குப் புதிதே அல்ல. நகரத்து ஆளைப் போல அவர் வரிசையைக் கண்டு கொதித்தால் நம்ப முடியாது.

அவருக்குப் புதிது ஒன்றுதான். தோட்டத்தில் எதிர்த்துப் பேசினால் அது குற்றம்: திட்டு விழும், நிரை மாறும், வேலை போகும். வார்டில் எதிர்த்துப் பேசினால் அது நோய்க்குறி. கோபத்துக்குக் காரணம் கேட்க மாட்டார்கள், அளவைத்தான் குறித்துக்கொள்வார்கள். உங்கள் கரு முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது, கடைசி ஷாக்கில் இல்லை.

எழுதிப் பார்க்க ஒரு வழி. வெள்ளிக்கிழமை அவர் விரதம். தட்டில் கறிக் குழம்பு வருகிறது, தொடவில்லை. குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஏறுகிறது: உணவை மறுக்கிறார், சந்தேகம் இருக்கலாம். அடுத்த வெள்ளியும் அதே. இரண்டு வரி சேர்ந்ததும் அது "தொடர்ந்து" ஆகிவிடுகிறது. அத்தியாயத்துக்கு ஒரு குறிப்பேட்டுப் பக்கம் வைத்தால், யாரும் கை ஓங்காமலேயே அதிகாரம் வளர்வதை வாசகர் பார்ப்பார்.

சேர்க்கும் நாளை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள். குளிப்பாட்டி, முடி வெட்டி, வார்டு உடுப்பு கொடுப்பார்கள். கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்வார்களோ என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. அப்படியானால் தாயத்து போகும், கையில் கட்டிய கறுப்புக் கயிறு போகும், அரைஞாண் கயிறும் போகும். பிறந்ததிலிருந்து இடுப்பில் இருந்தது.

வெள்ளைக்கோட்டு:

மருந்து விஷயம் சொல்கிறேன். ஊசி போட்டவுடன் சிலையாவதும் இல்லை, மறுநாள் தெளிவதும் இல்லை. 1978இல் லார்காக்டில் என்கிற குளோர்ப்ரொமசின் கொடுத்தால் சில மணி நேரத்தில் தூக்கமும் தளர்ச்சியும் வரும். காதில் கேட்கும் அந்தக் குரல் மங்குவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். கதைக்கு இது நல்ல இடைவெளி: ஆள் அடங்கிவிட்டார், குரல் இன்னும் கூப்பிடுகிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்குக் குணமான மாதிரித் தெரியும்.

வாய் உலரும். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வெயிலில் தோல் எளிதில் கருகும், அதனால் ஆஸ்பத்திரித் தோட்ட வேலைக்கு அனுப்பும் காட்சியில் தொப்பியும் நீளக்கையும் வேண்டும். அதே வகை மருந்தான ஹாலோபெரிடோல் என்றால் தொல்லை வேறு மாதிரி. உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருப்பார். அதைப் "படபடப்பு கூடிவிட்டது" என்று தவறாகப் படித்து மருந்தைக் கூட்டினால் நடை இன்னும் மோசமாகும். அதிகாரம் கெட்ட எண்ணமே இல்லாமல் தப்புச் செய்வதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வதும், கண் மேலே செருகி நிற்பதும் நடக்கும். பார்க்கிற குடும்பம் சாமி வந்துவிட்டது என்று நினைக்கலாம். புரோசைக்ளிடின் ஊசி போட்டால் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்புவது எல்லா வார்டிலும் உண்டு. அதனால்தான் வாயைத் திறக்கச் சொல்வார்கள், நாக்கைத் தூக்கச் சொல்வார்கள். அதற்கும் மசியாதவருக்கு மொடிகேட்: 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை பிட்டத்தில் ஆழமாகப் போடும் ஊசி. அந்த மருந்து கரைந்திருப்பது நல்லெண்ணெயில். இட்டுக்கட்டியது அல்ல, உண்மை. பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஷாக் பற்றி. 1938இல் ரோமில் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. 1978க்கு வந்தால் முறைப்படி இப்படி: குறைந்தது 6 மணி நேரப் பட்டினி, பொய்ப்பல்லைக் கழற்றுவது, நரம்பில் மயக்க மருந்து, தசை தளர சக்சமெத்தோனியம், பல்லுக்கிடையே ரப்பர்க் கட்டை, சில விநாடி மின்சாரம். வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடியும். வாரத்துக்கு 2, 3 முறையாக 6 முதல் 12 தடவை. பிறகு தலைவலி, குழப்பம், அந்த நாட்களின் நினைவில் ஓட்டை. ஆள் மரக்கட்டையாவதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போட்டவரை அப்போதே இழுத்துப் போய் ஷாக் கொடுக்கும் காட்சியும் பட்டினிக் கணக்கில் உதைக்கும். அடுத்த காலை அவருக்கு மட்டும் காலை உணவு வராமல் இருக்கட்டும். ஏன் என்று பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தெரியும். அது போதும்.

மூளை அறுவையை யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குளோர்ப்ரொமசின் 1952இல் மனநோய்க்குப் பயனுக்கு வந்த பிறகு அது வேகமாகக் குறைந்துபோனது.

கிந்தாக்காரன்:

சட்டத்தில் ஒன்று. இணையத்தில் தேடினால் கிடைப்பது 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சட்ட எண் 615. உறவினர் விண்ணப்பம், 5 நாளுக்குள் மருத்துவர் நேரில் பரிசோதித்த பரிந்துரை, முதலில் ஒரு மாத வரம்பு என்பதெல்லாம் அதில் வருபவை. அது நடைமுறைக்கு வந்ததே 2010 ஜூனில். உங்கள் மாரிமுத்துவின் காலத்தில் 1952ஆம் ஆண்டு ஆணைதான். புதிய பாரங்களை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி திறந்தது 1911. 1971இல் இருந்து பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மலாயில் மகிழ்ச்சி. பலகையில் "மகிழ்ச்சி", ஊர் வாயில் தஞ்சோங் ரம்புத்தான். செம்மோர் தாண்டி ஈப்போ போகிற ரயில் பாதையிலேயே இருக்கிறது, அதனால் குடும்பம் வந்து பார்ப்பது தூரத்தால் நிற்காது, காசாலும் ஒரு நாள் சம்பளத்தாலும் நிற்கும்.

செம்மோர் வாசகி சொன்னதில் பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் வார்டு மட்டுமே அதிகாரம் என்று எழுதினால் வெளியே இருப்பது மறைந்துவிடும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. மனைவியும் செக்ரோலில் இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். அவர் சிவப்பு அடையாள அட்டைக்காரராக (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக) இருந்தால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை பெர்மிட்டும் வேண்டும். இத்தனை பேர் கையில் இருக்கிறது அவர் விடுதலை, டாக்டர் அதில் ஒருவர்.

பால்மரத்தான்:

மிஸ்ஸியைத் தூக்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: மாரிமுத்துவுக்கு உண்மையிலேயே நோய் இருக்கலாமா? இருந்தால் டாக்டர் பக்கம் நியாயம் சாய்ந்துவிடாதா?

செம்மோர் வாசகி:

இருக்கட்டும். நோயே இல்லை என்றால் இது தப்பாகப் பிடித்துப் போட்ட ஜெயில் கதை, வாசகர் முதல் பக்கத்திலேயே கட்சி கட்டிவிடுவார். குரல் கேட்பதும் உண்மை, மண்டோர் நிறுவையில் ஏமாற்றியதும் உண்மை என்று வையுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற ஆளின் வாயில் இருந்து எதை எடுத்து எதை விடுவது என்பது கேட்பவரின் சிக்கல். சாமியாடுவதையும் இதோடு கலக்காதீர்கள். திருவிழாவில் வந்து, எலுமிச்சம்பழம் வெட்டியதும் மலையேறி, மறுநாள் வேலைக்குப் போகிறவரை ஊர் நோயாளி என்று சொல்லாது. மாரிமுத்துவைக் கூப்பிடும் குரலுக்கு நாள் கிழமை இல்லை. அந்த வித்தியாசம் அவர் மனைவிக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

வெள்ளைக்கோட்டு:

முடிவுக்கு ஒரு யோசனை. அவர் வீடு திரும்பட்டும், ஊசி தொடரட்டும். அதைப் போடுவது அதே தோட்டத்து டிரெசர். மருந்தால் விரல் நடுங்கும். பால் வெட்டும்போது பட்டையில் சுமார் 1 மில்லிமீட்டர் விட்டுத்தான் கத்தி நிற்க வேண்டும், தாண்டினால் மரம் காயப்படும், பட்டை முண்டு முண்டாக வளரும், அந்த இடத்தில் பிறகு கத்தி ஓடாது. இரவு மாத்திரையின் மயக்கம் தெளியுமுன்னே பெரட்டு மணி அடித்துவிடும். காயம் பட்ட மரங்களை மண்டோர் எண்ணுவார். ஊசியை நிறுத்தினால் கை நிதானப்படும், குரல் திரும்பும். எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அவரிடமே விடுங்கள். ஊசி நாள் தவறினால் டிரெசர் வீடு தேடி வருவார் என்பதையும் மறக்காதீர்கள்.