வாயேஜர் வேன் முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து நிற்கிறது: முறுக்குக் கம்பி போல்ட்டைத் திருகலாமா?

கானாடுகாத்தான்காரன்:

என்னிடம் 1998ஆம் வருடத்து மகிந்திரா வாயேஜர் இருக்கிறது. மிட்சுபிஷி எல்300 உடல், பெஜோ டீசல் இன்ஜின். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஓட்டுநருக்கு இடப்பக்கம் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தேன். ஊர்ப் பாசத்தில் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் பதித்துவிட்டேன். சிரிக்காதீர்கள், பூப்போட்ட கல்.

தைப்பூசத்துக்கு வீட்டார் பழனிக்கு நடக்கும்போது இதுதான் பின்னாலேயே ஊர்ந்து போகும் வண்டி. இந்த முறை குன்றக்குடி வருவதற்குள்ளேயே வேகத்தடைக்கு வேகத்தடை முன்பக்கம் 'டொக்' என்று இடித்தது. வீட்டு வாசலில் நிறுத்தித் தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். வலப்பக்கம் 69 செ.மீ., இடப்பக்கம் 65.5. அடியில் படுத்துப் பார்த்தால், ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் கடைசியில் நீளமான போல்ட் ஒன்று தெரிகிறது. அதைத் திருகினால் வண்டி உயரும் என்கிறார்கள். எத்தனை சுற்று திருகவேண்டும்?

ரஸ்தா ராஜா:

வெளிநாட்டு வீடியோ ஒன்றில் முன் அச்சுக் குழாயையே நடுவில் வெட்டி, உயரம் மாற்றும் துண்டை வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அதையே செய்யுங்களேன், அண்ணே.

பழைய ஸ்பேனர்:

ராஜா, நீ பார்த்தது ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேன். அதில் குறுக்காக இரண்டு குழாய்கள், உள்ளே பட்டைகளை அடுக்கிய கட்டு. உயரம் மாற்ற கம்பெனி போல்ட் கிடையாது, அதனால் வெட்டுகிறார்கள். இந்த வண்டியில் வெட்ட ஒன்றுமில்லை. கம்பி நீளவாக்கில் கிடக்கிறது, போல்ட்டும் இருக்கிறது.

கானாடுகாத்தான் தம்பிக்கு: நான் முப்பது வருடம் அம்பாசடருக்கு அடியில் படுத்தவன். அதற்கும் முன்னால் முறுக்குக் கம்பிதான். ஒரு முனை சக்கரத்தின் கையைப் பிடித்திருக்கும், மறுமுனை வண்டியின் அடிச்சட்டத்தில். போல்ட்டைத் திருகினால் சட்டத்துப் பக்க முனை சற்றுத் திரும்பும், வண்டி எழும். அவ்வளவுதான். கம்பிக்குப் புதுப் பலம் வந்துவிடாது. பாரம் கூடியதற்குப் போல்ட்டைத் திருகுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உதறுவது மாதிரி.

முதலில் அளவே தப்பு. செட்டிநாட்டு வீட்டு வாசல் மழைத் தண்ணீர் ஓடச் சரிவு வைத்துக் கட்டியது. அங்கே நிறுத்தினால் பாரம் சரிவுப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் கூடுதலாக அமுங்கும், கொத்தனாரின் சரிவையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். மட்டமான தரை தேடுங்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்து, அச்சு நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளங்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒருமுறை, நிரப்பி ஒருமுறை.

அப்புறம் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள், சக்கரத்தின் கை மேலே வந்து சட்டத்தில் இடிக்காமல் தாங்குவது அதுதான். இத்தனை வயதில் அது பொடிந்து போயிருக்கும். 'டொக்' அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் தாழ்வாக இருந்தால்தான் போல்ட். மரைக்கு முந்தின இரவே எண்ணெய் விடுங்கள். இப்போதிருக்கும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, போல்ட் நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டே சுற்று. இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கி விட்டு அளங்கள். இறக்கிய கையோடு அளந்தால் பொய் சொல்லும். கம்பியை வெளியே எடுக்க நேர்ந்தால் இடது வலது மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து முறுக்குக்குப் பழகியது. ரொம்ப உயர்த்தினால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, சக்கரத்தைக் கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட் போய்விடும்.

கல் எத்தனை பதித்தீர்கள்?

பள்ளத்தூர் மருமகள்:

கட்டில், அடுப்பு மாற்றங்களை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. எஃப்.சி.க்குப் போகும்போது கேட்பார்கள்.

கானாடுகாத்தான்காரன்:

ஆர்.சி. வேலை நடக்கிறது, ஆச்சி.

ஸ்பேனர் அண்ணனுக்கு: பத்து அங்குலக் கல், 24. மிச்சமிருந்த ஒன்றைத் தராசில் வைத்தேன், இரண்டரைக் கிலோ. சிமென்ட்டைச் சேர்க்காமலே 60 கிலோ. எங்கள் ஆத்தா கேட்டுவிட்டு, "ஒரு ஆளைப் படுக்க வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாய்" என்றார்.

ரேஷன் கடைக்குப் பக்கத்து சிமென்ட் களத்தில் நிறுத்தி அளந்தேன். அச்சிலிருந்து வலம் 39, இடம் 37.5. தொட்டியைக் காலி செய்ததும் இடம் 38.3. முதலில் வந்த மூன்றரை செ.மீ. வித்தியாசத்தில் பெரும்பகுதி எங்கள் வாசலின் சரிவு! இடப்பக்க ரப்பர் விரலில் பிய்ந்து வந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டேன், தொட்டியைப் பின் அச்சுக்கு மேலே மாற்றினேன், இடப்போல்ட் இரண்டு சுற்று. இப்போது நாலு மில்லிதான் வித்தியாசம். கல்லைப் பெயர்க்க மட்டும் மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு சுற்று வைக்கட்டுமா? ஹெட்லைட் வேறு எதிரே வருகிறவர்கள் கண்ணில் அடிக்கிறது.

பழைய ஸ்பேனர்:

வைக்காதீர்கள். நாலு மில்லி, நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் சரியாகிவிடும். தண்ணீர் பின்னால் போனதால் மூக்கு தூக்கியிருக்கிறது, விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்குங்கள். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் பழனி வழியில் நத்தம் பக்கம் போகாதீர்கள், டயரை ஒரு ஓரமாகத் தின்றுவிடும்.