விடிய விடியக் கிண்டிய ஹலீம்: பாகிஸ்தான் உணவோடு உங்கள் அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர், கல்முனை

கராச்சியில் ஐந்து ஆண்டுகள் படித்தேன். ஊர் திரும்பிய நாள் முதல், "அங்கே சாப்பாடு எப்படி?" என்று கேட்காதவர் இல்லை. ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. இன்று முகர்ரம் பிறை ஒன்பது. இந்த இரவுக்கென்று ஓர் உணவு அங்கே இருக்கிறது, ஹலீம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தங்கியிருந்த தெருவில் இந்த இரவு யாரும் தூங்க மாட்டார்கள். அஸர் தொழுகை முடிந்த கையோடு தெரு நடுவில் செங்கல் அடுக்கி விறகடுப்பு கூட்டுவார்கள். அதன்மேல் 'தேக்' என்று அவர்கள் சொல்லும் பெரிய அண்டா ஏறும். கோதுமையும் பார்லியும் முதல் நாளே ஊறியிருக்கும். கடலைப் பருப்பு, உளுந்து, பாசிப் பருப்பு, மைசூர்ப் பருப்பு எல்லாம் அவற்றோடு வேகும். மாட்டிறைச்சி வேறோர் அண்டாவில் மசாலாவோடு வெந்துகொண்டிருக்கும். நள்ளிரவை ஒட்டி இரண்டையும் ஒன்றாக்குவார்கள். உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

'கோட்னா' என்று ஒரு மர மத்து. ஆள் உயரத்துக்குக் காம்பு. அண்டாவின் இரு புறமும் இருவர் எதிரெதிரே நின்று இடித்து இடித்துக் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். ஆகவே கால் மணிக்கு ஒரு தரம் ஆள் மாறும். முதல் வருடம் என்னையும் இழுத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் விட மனம் வரவில்லை. என் எதிரே நின்றவர் எங்கள் தெருவின் ரொட்டிக் கடைக்காரர். இறைச்சி எங்கே முடிகிறது, கோதுமை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி அது மெல்ல மெல்ல ஒன்றாகிக்கொண்டிருந்தது. சுபுஹுக்குச் சற்று முன் பெரியவர் ஒருவர் வந்து அகப்பையில் அள்ளி உயர்த்தி, அது விழுவதைப் பார்த்தார். கெட்டியாகப் பொத்தென்று விழுந்தால் இன்னும் ஆகவில்லை. நூல் நூலாக இழைந்து இறங்கினால்தான் பதம். அந்த இழைக்கு 'ரேஷா' என்று பெயர். மூன்று முறை தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நான்காம் முறைதான் "பிஸ்மில்லாஹ்" என்றார்.

பொரித்த வெங்காயம், நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், மல்லி, எலுமிச்சை. இவை இல்லாமல் ஹலீம் வாயில் படாது. ஆனால் சமைத்தவர்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். பிள்ளைகளின் கையில் கிண்ணங்களைக் கொடுத்துத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவார்கள். ஷியா வீடு, ஸுன்னி வீடு என்ற பிரிவு இல்லை. மூலையில் இருந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் ஒரு கிண்ணம் போகும். எங்கள் ஊர்க் கந்தூரிச் சோற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அல்லாஹ்வின் திருநாமங்களில் 'ஹலீம்' என்பதும் ஒன்று. அதை உணவுக்கு வைக்கக் கூடாது என்று சொல்லி 'தலீம்' என்றே அழைக்கும் பெரியவர்களும் அங்கே உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு 'காலா' (உருதுவில் சின்னம்மா) அப்படித்தான் சொல்வார்.

அந்த காலாவின் குடும்பம் 1947-இல் டெல்லியிலிருந்து வந்தது. அவர் வீட்டில்தான் நிஹாரியை முதலில் சாப்பிட்டேன். 'நஹார்' என்றால் அரபியில் பகல். இரவெல்லாம் சிறு தீயில் மாட்டின் கெண்டைக்கால் இறைச்சியும் மஜ்ஜை எலும்பும் வெந்து, காலையில் 'நான்' ரொட்டியோடு சாப்பிடும் குழம்பு அது. மசாலாவில் பெருஞ்சீரகம் இருக்கும், சுக்கு இருக்கும், திப்பிலியும் இருக்கும். வாசம் மூக்கில் ஏறியதும் என் உம்மா தடிமனுக்குக் காய்ச்சும் கசாயம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. டெல்லியை விட்டு வந்தவர்கள் கராச்சியின் பர்ன்ஸ் ரோட்டில் கடை போட்டார்கள். அந்த வீதி இன்றைக்கும் நிஹாரிக்குப் பேர்போனது. பழைய கடைகளில் இன்றைய அண்டாவில் கொஞ்சம் எடுத்து வைத்து நாளைய அண்டாவில் சேர்ப்பார்கள். அதற்கு 'தார்' என்று பெயர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் சுவையின் தொடர்ச்சியை மட்டும் அறுந்துவிடாமல் காத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஷார்ஜாவிலிருந்து, சொந்த ஊர் பரமக்குடி

நான் பாகிஸ்தான் போனதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் பட்டாணியர்களோடு ஒரே அறையில் இருந்தேன். எல்லோரும் லாரி ஓட்டுநர்கள். மர்தான் பக்கத்துக்காரர்கள். மூத்தவரை லாலா என்று கூப்பிடுவோம், பஷ்தோவில் அண்ணன்.

விடுமுறை நாளில் லாலா சப்ளி கபாப் போடுவார். கொத்திய மாட்டிறைச்சியை நைஸாக அரைக்க விடமாட்டார். கரகரப்பாக இருக்க வேண்டும். அதில் ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, காய்ந்த மாதுளை விதை, வெங்காயம், பச்சை மிளகாய், மக்காச்சோள மாவு, முட்டை. பிசைந்து ஓர் உருண்டை எடுத்து இரு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டி, அகலமான சட்டியில் கொழுப்பு காய்ந்ததும் ஓரத்திலிருந்து வழுக்கி விடுவார். விடுவதற்கு முன் ஒரு வட்டத் தக்காளித் துண்டைக் கட்டை விரலால் அழுத்திப் பதிப்பார். அந்தக் கட்டை விரல் அழுத்தம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எண்ணெயில் சமைத்தால் அது சப்ளி கபாபே இல்லை, மாட்டுக் கொழுப்பில்தான் வேக வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வந்த முதல் வாரமே அதைச் சொன்னேன். லாலா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் எனக்கென்று தனியாக ஒரு சிறிய கடாய் வாங்கி வந்தார். அதில் கோழி மட்டுமே வேகும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கடாயில் வேறு எதையும் அவர் சமைத்ததில்லை. தக்காளி, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் இஞ்சி. பெஷாவரின் நமக் மண்டியில் ஆட்டிறைச்சியை இப்படித்தான் சமைப்பார்கள், மசாலாவை அள்ளிக் கொட்டி இறைச்சியின் ருசியைக் கெடுப்பதில்லை என்பார். நம் ஊர்க் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு முதலில் அது வெறுமையாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் இறைச்சியின் ருசி என்றால் என்ன என்று பிடிபட்டது.

கடாயை அப்படியே தரையில் விரித்த துணியின் நடுவில் வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து ரொட்டியால் எடுக்க வேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால் லாலா அதை விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். முடிந்ததும் ஏலக்காய் போட்ட கஹ்வா என்ற பச்சைத் தேநீர், கடித்துக்கொள்ள ஒரு வெல்லத் துண்டு. பணம் கொடுக்கப் போனால் முகம் சிவந்துவிடும். விருந்தோம்பலை 'மெல்மஸ்தியா' என்று அவர்கள் சட்டம் போலவே கடைப்பிடிக்கிறார்கள்.

துபாயிலிருந்து

பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவதை நம்மவர்கள் பழிக்கிறார்கள். கராச்சிக்காரர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். மசாலா முழுவதையும் குடித்த அந்தக் கிழங்கும், நடுவில் அகப்படும் புளிப்பான உலர்ந்த ஆலுபுகாரா பழமும் இல்லாத சிந்தி பிரியாணியை என்னால் இப்போது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

லண்டனிலிருந்து

பாகிஸ்தான் உணவு என்றால் இறைச்சி மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மேல்மாடியில் பஞ்சாபி அம்மா ஒருவர், ஃபைசலாபாத்காரர். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன் என்று அவருக்குத் தெரியும். குளிர்காலம் பிறந்தால் வெள்ளிதோறும் கடுகுக் கீரை வரும். கடுகுக் கீரையோடு பசலையும் சக்கரவர்த்திக் கீரையும் சேர்த்து, மணிக்கணக்காக வேகவைத்து, மத்தால் மசித்து, மக்காச்சோள மாவு தூவி இறுக்கி, இஞ்சியும் பூண்டும் தாளித்து, மேலே வெண்ணெய். கூடவே மக்காச்சோள ரொட்டி. அந்த மாவு ஒட்டிக்கொள்ளாது. சப்பாத்தி போல உருட்டித் தேய்க்க வராது. வெந்நீரில் பிசைந்து, கையால் தட்டித் தட்டித்தான் வட்டமாக்க வேண்டும். கேழ்வரகு ரொட்டி தட்டிய கைகளுக்கு அது உடனே வந்துவிடும். நான் தட்டியதைப் பார்த்து, "நீ எங்கள் வீட்டுப் பெண்" என்றார்.

மறுமொழி, யாழ்ப்பாணம்

வேலை நிமித்தமாக சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே பல்லா மீனைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நாம் உல்லம் என்கிறோமே, அதே மீன். கடலிலிருந்து சிந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு முட்டையிட வரும். சுக்கூர் அருகே ஆற்றுத் தீவில் இருக்கும் ஜிந்தா பீர் தலத்தை வணங்கத்தான் அது மேலேறிப் போகிறது என்பது மக்களின் நம்பிக்கை. சிந்தி இந்துக்கள் வணங்கும் ஜூலேலால் அமர்ந்திருப்பதும் பல்லா மீன்மேல்தான். ஒரே மீன், இரு சமயத்தாருக்கும் புனிதம்.

எங்கள் அலுவலகத்தின் முதிய காவலாளி மொஹானா மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் பெரிய மண்பானையின் வாய்மேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து ஆற்றில் மிதந்துகொண்டே பல்லா பிடிப்பார்களாம். வலையில் விழுந்த மீனை அந்தப் பானைக்குள்ளேயே போட்டுக்கொள்வார்களாம். தரையில் படுத்து எனக்கு நடித்தே காட்டினார். 1932-இல் சுக்கூர் அணை, 1955-இல் கோட்ரி அணை. கோட்ரிக்கு மேலே மீன் ஏறும் வழி அடைபட்டது. கீழேயும் தண்ணீர் குறைந்தது. இப்போது ஆற்றுப் பல்லா அரிது. விலையோ கேட்கவே முடியாது.

விடைபெறும் நாளுக்கு முந்தைய மாலை அவர் வீட்டுக்கு அழைத்தார். வெங்காயமும் மல்லியும் புளியும் அரைத்து வயிற்றில் அடைத்துப் பொரித்த ஒரு பல்லா. ஒன்றே ஒன்று. வீட்டில் ஏழு பேர். நடுத்துண்டு எனக்கு. முள் அதிகம் என்பதால் அவருடைய பேத்தி அருகில் உட்கார்ந்து, மயிரிழை போன்ற முட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். பிள்ளைகளின் தட்டில் ரொட்டியும் மசாலாவும்தான் இருந்தன. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் மீதி வைத்தால் அவர் மனம் நொந்துவிடும் என்று தெரியும். கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டேன்.

திரியைத் தொடங்கியவர்

பல்லா பற்றி எழுதிய அண்ணனுக்கு நன்றி. இரண்டு முறை படித்தேன்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். காலா வீட்டுக் கிண்ணங்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி இருக்கும். தெருவில் எத்தனை கிண்ணம் கலந்தாலும் தன்னுடையதைக் கண்டுபிடிக்க. அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எழுதாத விதி. மாணவர் அறையில் என்ன இருக்கும்? முதல் முறை நான்கு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த பெருநாளில் காலையே ஷீர் குர்மா வந்தது. பாலில் சேமியாவும் பேரீச்சம்பழமும் பாதாமும் போட்டுக் காய்ச்சியது. பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் குடிப்பார்கள். அன்றைக்கு உம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வட்டிலப்பம் அவித்து அதே கிண்ணத்தில் அனுப்பினேன். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்தால் இப்படி ஆகுமா என்று காலா கதவடியில் நின்றே பாதியைச் சாப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளும் அது என் கடமையானது.

ஊருக்குக் கிளம்பிய வாரத்தில் வந்த கிண்ணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் நண்பர் ஒருவர் கராச்சி போகிறார். வட்டிலப்பம் பயணம் தாங்காது. கித்துள் பனையின் கருப்பட்டியை நிறைத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். வெயிலில் உருகாமல் கட்டுவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.