நிலாவுக்கு மூன்று நிமிடம்

குழு: பெரிய வீடு
செவ்வாய், இரவு

கௌரி: அவசரம். வெள்ளிக்கிழமை நிலா பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம், அதுவும் மாநிலங்களவையாம். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்குச் சுயேச்சை உறுப்பினர். வந்ததிலிருந்து அழுகை. மூன்று நிமிடம் பேச வேண்டும். வெள்ளைப் புடவை வேறு கேட்கிறார்கள். சின்னக் கரை போட்டது யாரிடமாவது இருக்கிறதா?

மாலா சித்தி: ஏன் அழுகிறாள்

கௌரி: மந்திரிதான் வேண்டுமாம். சுயேச்சை என்றால் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள் என்று வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள்.

செந்தில்: அப்பா இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் இன்று ராத்திரி முழுக்க மேலவைதான்

வள்ளி அத்தை: வெள்ளை என்னிடம் இல்லை. அம்மாவுடையது பெரிய பீரோவில் இருக்கும். சாவி யாரிடம் என்று நான் கேட்க மாட்டேன்.

மாலா சித்தி: மறுபடியும் சாவியா

பெரியப்பா: பார்த்துவிட்டேன். கௌரி, குழந்தையை அழ வேண்டாம் என்று சொல். நான் கோட்டையில் சட்ட மேலவையில் சுருக்கெழுத்து எழுதியவன். 63 பேர் இருந்த சபை. 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு அது இல்லாமல் போயிற்று. ஆசிரியர் தொகுதி, பட்டதாரி தொகுதி என்று அங்கே தனியாக உண்டு. கட்சிக்காரர் பேசும்போது அடுத்த வரி என்ன என்று என் பென்சிலுக்கே தெரியும். கட்சி இல்லாதவர் எழுந்தால் மட்டும் பென்சிலைச் சீவி வைத்துக்கொள்வேன். என்ன சொல்லப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

வள்ளி அத்தை: அந்தப் பென்சிலால்தான் என் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்தாய் அண்ணா

பெரியப்பா: பட்ஜெட் விவாதம் வள்ளி. எத்தனை வருடமாகச் சொல்கிறேன்.

கதிர்: நிலா விஷயத்துக்கு வருவோம்

பெரியப்பா: வருகிறேன். மாநிலங்களவையில் 245 இடம். 233 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி பறிபோகும். நியமன உறுப்பினர் மட்டும் முதல் ஆறு மாதத்துக்குள் சேரலாம். ஆகவே சுயேச்சை என்றால் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் என்று அர்த்தம் இல்லை. சேரவே கூடாதவர். இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லச் சொல். விவாதத்தில் நேரத்தைக் கட்சி பலத்தை வைத்துப் பிரிப்பார்கள். சுயேச்சைகளையும் சின்னக் கட்சிகளையும் ‘மற்றவர்கள்’ என்று ஒரே கூடையில் போட்டு, ஆளுக்குச் சில நிமிடம் கொடுப்பார்கள். அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் மூன்று நிமிடம் ஆனால் மைக் அணைந்துவிடும்.

கதிர்: இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடும் கொறடா சுயேச்சைக்குக் கிடையாது பெரியப்பா. அதையும் சேருங்கள்.

பெரியப்பா: அதைத்தான் அடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

கௌரி: சரி பெரியப்பா. ஆனால் எதைப் பேசுவாள்? நதிநீர்ப் பங்கீடு என்று ஆசிரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதி வார்த்தை அவள் வாயில் நுழையவில்லை.

மாலா சித்தி: ஞாயிறு திவசத்துக்கு எத்தனை பேர்? இலைக்குச் சொல்ல வேண்டும்

செந்தில்: 14

வள்ளி அத்தை: 15. முறையாகக் கூப்பிட்டால் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் வருவார்.

பெரியப்பா: எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேசியதை எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் மேலவை போன அதே 1986-இல் மாநிலங்களவைக்கு நியமனம் ஆனவர். 1989-இல் கன்னிப் பேச்சு. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தனை பெரிய சபையில் எழுந்து அவர் பேசியது பள்ளிக்கூடப் பையைப் பற்றி. கனம் தாங்காமல் பிள்ளைகள் கூன் போட்டு, கை முன்னால் தொங்க நடக்கிறார்கள் என்றார். அப்புறம் பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க 1992-இல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு போட்டார்கள், 1993-இல் அறிக்கை வந்தது. பை மறுநாளே இறங்கிவிடவில்லை. ஆனால் அதுவரை அம்மாக்கள் வாசலில் நின்று புலம்பியது சபைக் குறிப்பில் ஏறியது. குறிப்பு எழுதியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

செந்தில்: அவர் நியமன உறுப்பினர் அப்பா. சுயேச்சை இல்லை.

பெரியப்பா: சரிதான். தேர்தலில் நின்று வந்தவர் இல்லை. கட்சி இல்லாமல் உட்கார்ந்தவர். அந்த வித்தியாசத்தை நிலா முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் மடக்க முடியாது.

கௌரி: தாத்தா எழுதியதைப் படித்துக் காட்டினேன். அழுகை நின்றுவிட்டது. ஊருக்குப் போகும்போது பெட்டியை மாட்டிப் பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசை எடுத்து வந்து பையை மாட்டியிருக்கிறாள்.

கௌரி: 7 கிலோ 300

மாலா சித்தி: ஐயோ

கதிர்: தண்ணீர் பாட்டிலோடா?

கௌரி: பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் சேர்த்து. அட்லஸ், இரண்டு டைரி, நாளைக்கு வகுப்பே இல்லாத கணினிப் புத்தகம்.

கதிர்: ஏழாம் வகுப்புக்கு 4 கிலோதான். 2018 நவம்பரில் மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. பத்தாம் வகுப்புக்கே 5 கிலோ. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது.

கௌரி: இவள் 34 கிலோ. அப்படியென்றால் 3 கிலோ 400. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே தூக்குகிறாள்.

கௌரி: இப்போதுதான் சட்டையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு தோளிலும் பட்டை அழுத்திய சிவப்புக் கோடு. நான் குளிப்பாட்டிய வரைக்கும் உடம்பில் ஒரு கொசுக்கடி இருந்தாலும் தெரியும். இப்போது அவளே குளிக்கிறாள், நான் பார்க்கவே இல்லை.

வள்ளி அத்தை: தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தடவு. உன்னை நொந்துகொள்ளாதே.

செந்தில்: பள்ளியிலேயே பள்ளிப் பையைப் பற்றிப் பேச விடுவார்களா? ஆசிரியை நதிநீர்தானே கொடுத்தார்

கௌரி: அதுதான் எனக்கும் பயம். நாளைக் காலையில் கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: யாரையும் குறை சொல்ல வேண்டாம். பை எத்தனை கிலோ, அரசு சொன்னது எத்தனை கிலோ, தன் எடை எத்தனை. இந்த மூன்றும் போதும். பையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறாள். சபைக்குள் எந்தப் பொருளையும் காட்டக் கூடாது, விதி இருக்கிறது. பை வெளியே இருக்கட்டும்.

கௌரி: அதற்குத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்! சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது.

கதிர்: விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே பெரியப்பா

பெரியப்பா: கூடாது.

கௌரி: [குரல் பதிவு, 3:40]

பெரியப்பா: கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். தோள் வலியைச் சொல்லும் இடம் நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் 40 விநாடி அதிகம். மைக் போய்விடும். ‘மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே’ ஐந்து முறை வருகிறது, ஒரு முறை போதும். என்னைப் பற்றிய வரியையும் எடுத்துவிடச் சொல்.

கௌரி: அதை எடுக்க மாட்டாளாம்.

மாலா சித்தி: ஆசிரியை வேண்டாம் என்றால்?

கௌரி: தெரியவில்லை சித்தி. நதிநீரையும் படித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா: வள்ளி, சாவி என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு வந்து அம்மா புடவையை எடுத்துக் கொடு.

வள்ளி அத்தை: நீயே எடுத்துக்கொண்டு இங்கே வா அண்ணா. மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார்.

பெரியப்பா: பார்க்கிறேன்.

மாலா சித்தி: அப்போ இலை 15 சொல்லட்டுமா 16-ஆ