பார்த்தெனான் யார் காசில் எழுந்தது?

கல்உளி:
ஏதென்ஸின் பார்த்தெனானைப் பற்றிப் பேச்சு வந்தாலே "சுதந்திர மக்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிய கோயில்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை. கட்டிய காலத்தைப் பாருங்கள், கி.மு. 447 முதல் 432 வரை. அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 454-ல், பாரசீகத்தை எதிர்க்க என்று கிரேக்க நகரங்கள் சேர்ந்து போட்ட பொது நிதியை டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டணி தொடங்கியபோது வருஷத்துக்கு 460 தாலந்து (ஒரு தாலந்து சுமார் 26 கிலோ) வெள்ளி என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்கிறார். யார் எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போட்டவர் நேர்மைக்குப் பேர்போன அரிஸ்டைடீஸ். 431-ல் ஸ்பார்ட்டாவோடு போர் வரப்போகும் நேரத்தில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் தன் மக்களுக்குத் தைரியம் சொல்லும்போது, கூட்டாளிகளிடமிருந்து மட்டும் சுமார் 600 தாலந்து வருகிறது என்கிறார். பாரசீகத்தோடு சண்டை ஓய்ந்த பிறகும் வசூல் நிற்கவில்லை, அதே காலத்தில்தான் பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் பளிங்கு ஏறுகிறது. அழகான கோயில்தான், ஆனால் அடுத்தவன் காசு.

துடுப்பு:
நண்பரே, கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். பார்த்தெனானின் வரவுசெலவைக் கல்லில் வெட்டி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், துண்டு துண்டாக இன்றும் இருக்கிறது. அதில் பெரும்பங்கு நகரத்தின் காவல் தெய்வமான அத்தேனா தேவியின் கருவூலத்திலிருந்து வந்ததாகத்தான் தெரிகிறது. கூட்டாளிகள் கட்டியதில் தேவிக்கு என்று எடுத்தது அறுபதில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது? கப்பலுக்கு. ஒரு போர்க்கப்பலில் துடுப்புப் போட மட்டும் 170 பேர், எல்லாருமாகச் சேர்ந்து 200 பேர், எல்லாருக்கும் சம்பளம். குதிரை தரவில்லை, கப்பல் தரவில்லை, ஆள் தரவில்லை, பணம் மட்டும் தந்தார்கள், தந்த பணத்துக்கு நாம் காவல் செய்கிறோம் என்று பெரிக்கிளீஸ் சொன்னதாக, பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் எழுதுகிறார். எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் படுகிறது. அந்தத் துடுப்பில் உட்கார்ந்தவர்கள் நிலபுலம் இல்லாத ஏழைக் குடிமக்கள். அவர்கள் தோள்பலத்தில் நகரம் நின்றதால்தான் மக்கள் மன்றத்தில் அவர்கள் கைக்கும் மதிப்பு இருந்தது.

கல்உளி:
தேவியின் கருவூலம் எப்படி நிறைந்தது என்று நீங்கள் சொல்லவில்லையே. போர்க் கொள்ளையில் பங்கு, கப்பத்தில் பங்கு. இந்த எதிர்ப்பு என் கற்பனையும் இல்லை, அப்போதே ஏதென்ஸுக்குள்ளேயே கேட்டது. மெலேசியாஸின் மகன் துசிடிடீஸ் (வரலாறு எழுதியவர் வேறு, இவர் அரசியல்வாதி) தலைமையில் ஒரு கூட்டம், போருக்கென்று வாங்கிய பணத்தில் நகரத்தைத் தளுக்குக்காரி மாதிரி சிங்காரிக்கிறீர்களே என்று மன்றத்தில் கத்தியது. சில வருஷத்தில், 443 வாக்கில், மக்கள் வாக்குப் போட்டு அவரையே நாடு கடத்தினார்கள். சரி, கூட்டாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா? கூட்டணியிலிருந்த சாமோஸ் தீவு 440-ல் விலகப் பார்த்தது. ஒன்பது மாத முற்றுகை. மதிலை இடித்தார்கள், கப்பலைப் பிடுங்கினார்கள், பிணைக்கைதி எடுத்தார்கள், அப்புறம் தன்னை முற்றுகையிட ஆன செலவையே சாமோஸ் தவணை முறையில் கட்டவேண்டியதாயிற்று. இதற்கு என்ன பதில்? வசந்தகால தியோனிசஸ் விழாவில் அரங்கம் நிறைந்திருக்கும்போது கூட்டாளிகளின் வெள்ளியைத் தாலந்து தாலந்தாக நடுவில் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். நாடகம் பார்க்க வந்த கூட்டாளி நாட்டுத் தூதர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். 425 வாக்கில் வந்த ஒரு தீர்மானப்படி ஒவ்வொரு கூட்டாளி நகரமும் அத்தேனா பெருவிழாவுக்கு ஒரு பசுவும் ஒரு முழுப் போர்க்கவசமும் கொண்டுவந்தாக வேண்டும்.

செம்பருத்தி:
இரண்டு பேரும் நகரம், கூட்டாளி என்றே பேசுகிறீர்கள், கல் கொத்தியவனை யாருமே பார்க்கவில்லை. பார்த்தெனானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எரெக்தியான் கோயிலின் கூலிக் கணக்கு கிடைத்திருக்கிறது, 409-408 சமயத்தது. வேலை செய்தவர்களில் யார் எவர் என்று தெரிகிற 86 பேரில் குடிமக்கள் 24, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் 42, அடிமைகள் 20. தூணில் மேலிருந்து கீழாகப் பள்ளம் கொத்தும் ஒரு குழுவில் சிமியாஸ் என்ற குடியேறியவர், அவரோடு அவருடைய அடிமைகள் சின்ட்ரோன், சன்னியோன் இன்னும் சிலர், எல்லாரும் ஒரே தூணில். தினக்கூலி எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிராக்மா வெள்ளிக்காசுதான், குடிமகனுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. ஆனால் சின்ட்ரோனின் காசு எசமான் பைக்குப் போயிருக்கும். அந்தப் பள்ளங்களை இன்று போய்த் தடவிப் பார்ப்பவர்கள் "சுதந்திர மக்களின் கலை" என்கிறார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. லாரியோன் வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏதென்ஸின் முதல் பெரிய கப்பற்படையே அந்த வெள்ளியில் வந்தது, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் தவழ்ந்து வெட்டியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற தளபதி மட்டும் ஆயிரம் பேரை அங்கே வாடகைக்கு விட்டிருந்தார்.

துடுப்பு:
செம்பருத்தி சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அடிமை இல்லாத கிரேக்க நகரம் எது? ஸ்பார்ட்டாவில் ஹெலட்டுகள் என்று ஒரு முழு மக்கள்கூட்டத்தையே உழுவதற்குக் கட்டிப்போட்டு, வருஷா வருஷம் அதிகாரிகள் அவர்கள்மேல் போர் அறிவித்துக்கொள்வார்கள், கொன்றால் பாவம் ஒட்டாது என்று. அங்கே ஒரு சிமியாஸின் பெயரைக்கூட யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. ஏதென்ஸ் எழுதியது, அதனால்தான் நாம் இன்று அதைக் குற்றம் சொல்லவாவது முடிகிறது.

கல்உளி, கூட்டாளி என்று நீங்கள் சொல்வது யாரை? லெஸ்போஸ் தீவிலிருந்த கூட்டாளி நகரம் மிட்டிலீன் 428-ல் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அதை நடத்தியது பணக்காரர்கள். முற்றுகையில் வேறு வழியில்லாமல் சாதாரண மக்கள் கையில் ஆயுதம் கொடுத்ததும், தானியத்தை வெளியே எடுத்துப் பங்கிடு, இல்லையென்றால் நாங்களே ஏதென்ஸோடு பேசிக்கொள்கிறோம் என்றார்கள். சாமோஸையே எடுங்கள். சிசிலியில் ஏதென்ஸின் படை அழிந்த பிறகு கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றபோது சாமோஸின் மக்கள் கடைசிவரை கூட நின்றார்கள், 405-ல் ஏதென்ஸ் அவர்களுக்குத் தன் குடியுரிமையையே கொடுத்தது.

கல்உளி:
மிட்டிலீன் கதையை முழுசாகச் சொல்லுங்கள். ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரையும் கொல், பெண்டு பிள்ளைகளை விற்றுவிடு என்றுதான் மன்றம் முதல் நாள் தீர்மானம் போட்டது, கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் மனசு மாறி இரண்டாவது கப்பல் அனுப்பினார்கள். மிட்டிலீன் தூதர்கள் அதில் மதுவும் பார்லி மாவும் ஏற்றி, முந்திப் போய்ச் சேர்ந்தால் வெகுமதி என்றார்கள். மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்புப் போட்டபடியே தின்று, முறைவைத்துத் தூங்கி, தளபதி ஆணையை வாசித்து முடித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் சொல்லும் அதே தானியம் கேட்ட ஏழைகளும் அந்த முதல் தீர்மானத்தில் சாகவேண்டியவர்கள்தான். இதை ஒரு சர்வாதிகாரி செய்யவில்லை, கை தூக்கிய குடிமக்கள் செய்தார்கள். 416-ல் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்டு பிள்ளைகளை விற்றபோது இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை.

துடுப்பு:
மறுநாளே கூடித் திரும்பப் பேசலாம், முந்தின நாள் தீர்மானத்தைக் கவிழ்க்கலாம் என்ற வழி வேறு எந்த அரசில் இருந்தது? மெலோஸ் கொடுமைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கல்உளி:
கூட்டாளிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஏதென்ஸே எழுதிக்கொடுத்த சாட்சி இருக்கிறது. ஸ்பார்ட்டாவிடம் தோற்று, எழுந்து, 377-ல் புதிய கூட்டணிக்கு ஆள் சேர்க்கும்போது கல்லில் வெட்டிய வாக்குறுதி: காவற்படை வைக்க மாட்டோம், அதிகாரி அனுப்ப மாட்டோம், கப்பம் வாங்க மாட்டோம், உங்கள் நாட்டில் நிலம் வைத்துக்கொள்ள மாட்டோம். கேட்பவர்களுக்கு எது வலித்தது என்று தெரிந்துதானே ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள்?

துடுப்பு:
அதே கல்லில் சேர்ந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது, கல்உளி. தொடக்கத்திலேயே வரும் பெயர்களில் ஒன்று மிட்டிலீன்.

செம்பருத்தி:
கப்பம் கிடையாது என்று எழுதிய பிறகுதான் சேர்ந்தார்கள், துடுப்பு.