வீட்டுப் பக்கத்துப் பச்சையும் சின்னப் பிள்ளைகளின் மனசும்: ரங்கூன் பெற்றோர் அனுபவங்கள்

பபேடானிலிருந்து ஓர் அம்மா

நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பழைய ரங்கூன் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் தெரு, பின்னால் சந்து, நடுவில் நீளமாக ஓடும் ஒரே கூடம். கரண்டு போனால் ஃபேன் நின்றுவிடும், கீழே ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பிக்கும். நாலு வயது மகள் அந்தச் சத்தத்துக்கே பயந்து என்னைவிட்டு நகர மாட்டாள். ராத்திரியில் எழுந்து அழுவாள், நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டோஜி ஏரிக்குக் கூட்டிப் போவோம். அங்கே சந்தோஷமாகத்தான் ஓடுவாள். திங்கட்கிழமை காலையில் மறுபடி அதே பிள்ளை.

உண்மையான மாற்றம் பின்சந்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் துப்புரவுக்காக விட்ட சந்து அது. மாடிகளிலிருந்து குப்பையை வீசி வீசி எலிகளுக்கே சொந்தமாகிவிட்டிருந்தது. 'தோ எய்ன்' அமைப்பு டவுன்டவுனில் இப்படிப்பட்ட சில சந்துகளைச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாட இடமாக்கியதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் கட்டடத்துக்காரர்களும் இறங்கினார்கள். பர்மியர், தமிழர், முஸ்லிம் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து குப்பையை அள்ளினோம். பெயிண்ட் டின்களில் கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி, ஓரமாக ஒரு வெற்றிலைக் கொடி.

இப்போது அரிசி அளக்கும் பால் டின்னில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மகள் தானே கீழே போகிறாள், நான் பின்னால் போகிறேன். ஒருநாள் வெற்றிலையின் அடிப்பக்கம் ஒரு நத்தை. மூச்சை அடக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தவள், அது கொம்பை நீட்டி இலை விளிம்பைத் தாண்டும்வரை அசையவில்லை. பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

நகம் கடிப்பது இன்னும் போகவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது, பக்கத்து வீட்டுப் பையனோடு பேசுகிறாள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

பாலர் பள்ளி ஆசிரியை, தாம்வே

அக்கா, நீங்கள் எழுதியதை என் வகுப்பிலும் பார்க்கிறேன். அமெரிக்காவில் 2024இல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியே வருகிறது. 2,103 குழந்தைகள். பிறந்தபோது குடியிருந்த வீட்டைச் சுற்றி எவ்வளவு பச்சை, அதாவது மரம் செடி, இருந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். பச்சை அதிகமாக இருந்த இடத்துப் பிள்ளைகளிடம், 2 முதல் 5 வயதுக்குள், கவலையும் மனச்சோர்வும் குறைவாகத் தெரிந்தன. 6 முதல் 11 வயதில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளை பகலில் பாதியை வேறிடத்தில் கழிக்கிறது, அதனால் இருக்கலாம் என்பது என் ஊகம். பச்சைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பெற்றோரிடம் இதைக் கட்டாயம் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். இங்கே டெங்குவில் அதிகம் அவதிப்படுவது சின்னப் பிள்ளைகள்தான். தட்டே வேண்டாம். காலி வாளி, டின் எதையும் நிமிர்த்தி வைக்காதீர்கள், கவிழ்த்து வையுங்கள்.

சௌதடாவிலிருந்து ஒரு தாத்தா

எங்களுக்குச் சந்து வாய்க்கவில்லை. மகாபந்துலா பூங்கா நடை தூரத்தில் இருக்கிறது, சூலே பகோடாவுக்கு எதிரில். எங்கள் அப்பா காலத்தில் ஃபிட்ச் ஸ்கொயர் என்பார்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் பேரனைக் கூட்டிப் போய்விடுவேன். பயல் பேச ஆரம்பித்ததே தாமதம், கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அங்கே போனதும் செருப்பைக் கழற்றச் சொல்வான். பனி ஈரப் புல்லில் காலை ஊன்றி, மைனாக்களை "வா, வா" என்று கூப்பிடுவான். வீட்டில் வாயே திறக்காதவன்! டாக்டரிடம் காட்டுவதையும் நிறுத்தவில்லை, அது வேறு, இது வேறு.

காசு செலவில்லை, டாக்சி வேண்டாம். அதனால்தான் தினமும் முடிகிறது. தூரத்துப் பெரிய பூங்காவாக இருந்தால் மாதம் ஒரு தடவை போனாலே அதிகம்.

பபேடானிலிருந்து அதே அம்மா

டீச்சர் சொன்னபடி தட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். ஐயா, உங்கள் வீட்டு வராந்தாவில் கொஞ்சமாவது வெயில் விழுந்தால் சொல்லுங்கள். வெற்றிலைக் கொடி நிறையப் படர்ந்திருக்கிறது, பதியன் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.