2005 லோன்ல அப்பாவுக்கு தெரியாமலே பிபிஐ சேர்த்திருக்காங்க, நஷ்டஈடு கணக்கு எப்படி? இப்ப கேட்டா கிடைக்குமா?

மின்மினி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து லாஃப்ட் கிளீன் பண்ணும்போது அப்பாவோட பழைய ஃபைல் கிடைச்சுது. 2005-ல இங்க லண்டன்ல ஒரு பேங்க்ல எடுத்த பர்சனல் லோன் பேப்பர், 5000 பவுண்டு, அஞ்சு வருஷம். அதுக்கு கீழ பேமென்ட் புரொட்டக்‌ஷன் இன்ஷூரன்ஸ் (பிபிஐ)னு ஒரு வரி, 1000 பவுண்டு, ஆக மொத்தக் கடன் 6000னு போட்டிருக்கு. பக்கத்துல இருக்குற கட்டத்துல டிக் பிரிண்ட்லயே அடிச்சு வந்திருக்கு, அப்பா பேனாவால போட்டதே இல்ல, கையெழுத்து மட்டும் தான் அவரோடது. அப்பா அப்போ மினிகேப் ஓட்டிட்டு இருந்தாரு, சொந்தத் தொழில், வேலை போனா பணம் தர்ற இன்ஷூரன்ஸ் அவருக்கு எதுக்குன்னே எனக்கு புரியல. கேட்டா, "அதுல கையெழுத்து போட்டா தான் லோன் பாஸாகும்னு கவுண்டர்ல அந்தப் பொண்ணு சொல்லுச்சும்மா"ன்னு சொல்றாரு.

இந்த பிபிஐ பணம் நிறைய பேருக்கு திரும்பக் கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டேன். எவ்ளோ குடுப்பாங்க, எப்படி கணக்கு போடுவாங்க? போன வாரம் வேற ஒரு கம்பெனில இருந்து போன் பண்ணி, உங்க அப்பா பேர்ல பிபிஐ பணம் ரெடியா இருக்கு, முதல்ல ஃபீஸ் கட்டுங்கன்னாங்க. அது உண்மையா?

கணக்குப்பிள்ளை:
முதல்ல அந்த போன்காரங்களுக்கு ஒரு பைசா கட்டாதீங்க. பணம் ரெடியா இருந்தா பேங்க்கே நேரா அனுப்பும், முன்கூட்டி ஃபீஸ் கேட்டாலே அது ஏமாத்து வேலை.

நான் நாலு வருஷம் இந்த கம்ப்ளெயின்ட் ஃபைல் பாக்குற வேலைல இருந்தேன், உங்க அப்பா மாதிரி கேஸ் தினம் வரும். சொந்தத் தொழில், ஏற்கனவே இருந்த வியாதி, ரிட்டயர் ஆனவங்க, கட்டாயம்னு சொல்லி வித்தது, கேக்காமலே டிக் அடிச்சது, இது எல்லாமே தப்பா வித்த கணக்கு தான். 2011 ஏப்ரல்ல பேங்குங்க ஹைகோர்ட்ல போட்ட கேஸ் தோத்துப் போச்சு, அதுக்கப்புறம் தான் பணம் பெருசா வெளிய வந்துச்சு, மொத்தம் 38 பில்லியன் பவுண்டுக்கு மேல.

கணக்கோட அடிப்படை ஒண்ணு தான்: அந்த இன்ஷூரன்ஸ் எடுக்காமலே இருந்திருந்தா உங்க அப்பா கைல என்ன இருந்திருக்குமோ அதைத் திருப்பித் தரணும். உங்க பேப்பர்ல இருக்கிறது சிங்கிள் பிரீமியம், அதாவது அஞ்சு வருஷ பிரீமியத்தையும் மொத்தமா கடன்ல ஏத்தி அதுக்கும் சேர்த்து வட்டி வாங்குறது, இருந்ததுலயே மோசமான வகை இது தான். வட்டி வருஷத்துக்கு 10%னு வெச்சுக்கோங்க (உங்க பேப்பர்ல உள்ள ரேட்டைப் போட்டுப் பாருங்க). அந்த 1000 பவுண்டுக்காக மட்டும் மாசம் சுமார் 21 பவுண்டு 25 பென்ஸ் கட்டிருப்பாரு, 60 மாசத்துக்கு 1275. முதல்ல இந்த 1275 திரும்ப வரும், 1000 இல்ல. இதைத் தான் நிறைய பேர் கவனிக்காம விட்டுட்டாங்க.

அதுக்கு மேல, கட்டின ஒவ்வொரு தவணைக்கும் கட்டின நாள்ல இருந்து பணம் குடுக்குற நாள் வரைக்கும் வருஷம் 8% சாதா வட்டி, கூட்டு வட்டி கிடையாது. லோன் 2010-ல முடிஞ்சு 2018-ல செட்டில் ஆகிருந்தா, லோன் ஓடின காலத்துக்கு சுமார் 250, அப்புறம் எட்டு வருஷத்துக்கு வருஷம் 102 வீதம் 816, ஆக வட்டியே 1066. மொத்தம் 2341 கிட்ட வரும். ஆனா அந்த லோன்லயே பாக்கி இருந்தா பேங்க் அதுல கழிச்சுக்கலாம். கிரெடிட் கார்டுனா வேற மாதிரி, பிபிஐ இல்லாம மாசாமாசம் அக்கவுண்ட்டை மறுபடி கட்டி எழுதணும், அது பெரிய வேலை.

மனசைத் தேத்திக்கோங்க, பேங்க்ல சாதாரணமா கம்ப்ளெயின்ட் பண்ற கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29-ஓட முடிஞ்சு போச்சு. கடுமையான நோய் மாதிரி விதிவிலக்கான காரணத்தால அப்போ கேக்க முடியலன்னா மட்டும் கேட்டுப் பாக்கலாம்.

வடலி:
தங்கச்சி, என்ர மனுசின்ர பேரில எடுத்த லோனுக்கு 2013ல நாங்கள் காசு எடுத்தனாங்கள். பிபிஐ காசு எடுத்துத் தாற ஒரு ஏஜென்சியும் இல்லாமல் நானே கடிதம் எழுதினனான், பேங்க் முதல் மாட்டன் எண்டு சொல்லிச்சுது, பிறகு பேங்க் மேல வாற முறைப்பாட்டை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு போட்டனான், அது இலவசம், பேங்கின்ர கடைசிக் கடிதம் வந்து ஆறு மாசத்துக்குள்ள போடோணும். ஒம்புட்ஸ்மன் எங்கட பக்கம் தான் சொன்னது. எனக்குத் தெரிஞ்ச ஒராள் ஏஜென்சியிட்ட குடுத்து வந்த காசில நாலில ஒண்டுக்கு மேல குடுத்தவர், இப்பவும் அதை நினைச்சுக் கவலைப்படுறார். பிறகு 2018ல தான் பிபிஐக்கு ஏஜென்சி ஃபீஸ் 20%, அதோட வாட், அதுக்கு மேல கேக்கேலாது எண்டு சட்டம் வந்தது.

ஒரு விஷயத்தை ஆரும் சொல்லேல்ல. அந்த 8% வட்டிக்கு பேங்க் 20% வரி பிடிச்சுத் தான் தரும், கணக்குப்பிள்ளை போட்ட கணக்கில 213 பவுண்டு அப்பிடியே போயிடும். மனுசி அப்ப வேலைக்குப் போகேல்ல, வரி கட்டத் தேவையில்லை, அதால ஆர்40 ஃபார்ம் நிரப்பி வரிக்கந்தோருக்கு அனுப்பி முழுசா திருப்பி எடுத்தனாங்கள். ஆனா அந்த வரி வருசம் முடிஞ்சு நாலு வருசத்துக்குள்ள கேக்கோணும், விட்டால் போச்சுது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு சாதாரண ரேட்டில வரி கட்டுற ஆக்களுக்கும் முதல் 1000 பவுண்டு வட்டிக்கு வரி இல்லை, எண்டாலும் பேங்க் பிடிச்சுக்கொண்டு தான் இருக்கும்.

தேம்ஸ்கரை:
கடைசி நாள் போச்சுன்னு முழுசா விட்டுடாதீங்க மின்மினி, கோர்ட் வழி தனியா இருக்கு. பிளெவின் கேஸ்ல 2014-ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பிரீமியத்துல 71.8% கமிஷனாப் போனதை கஸ்டமர்கிட்ட சொல்லாம மறைச்சது நியாயமில்லாத உறவு, 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் 140ஏ பிரிவுப்படி. இதுல பேங்க் பொய் சொல்லி வித்துச்சா இல்லையான்னு கூட பாக்க வேண்டாம், அவ்ளோ பெரிய கமிஷனைச் சொல்லாம மறைச்சிருந்தாலே போதும். பேங்குங்களைக் கண்காணிக்கிற ரெகுலேட்டர் அப்புறம் கொண்டுவந்த விதி, கமிஷன் 50%க்கு மேல எவ்ளோ போச்சோ அதை மட்டும் திருப்பிக் குடுங்கன்னு. உங்க 1275-ல கமிஷன் 70%னா 255 பவுண்டும் அதுக்கான வட்டியும் தான் வரும். கோர்ட் அந்த 50% கோட்டுக்கு கட்டுப்பட்டது இல்ல, அதிகமாவும் குடுக்கலாம்.

2023 நவம்பர்ல கனடா ஸ்கொயர் கேஸ்னு இன்னொண்ணு வந்துச்சு, அதுல கமிஷன் 95%க்கு மேல. வேணும்னே மறைச்சிருந்தா கேஸ் போடுறதுக்கான ஆறு வருஷ கெடு அது தெரிய வந்த நாள்ல இருந்து தான், இல்லன்னா கொஞ்சம் அக்கறையா பாத்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நாள்ல இருந்து தான் ஓடும்னு தீர்ப்பு. அப்பாவுக்கு ஏற்கனவே யாராவது சொல்லிருந்தா, லெட்டர் ஏதாவது வந்திருந்தா, பேங்க் அதைத் தான் பிடிச்சுக்கும்.

முக்கியமா ஒண்ணு: 2008 ஏப்ரல் 6க்கு முன்னாடியே முடிஞ்ச லோனுக்கு இந்த 140ஏ வழி கிடையாது. அப்பா சீக்கிரமா அடைச்சாரா, நடுவுல டாப்-அப் பண்ணாரா?

மின்மினி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், 1000 தான் போச்சுன்னு நினைச்சிட்டு இருந்தேன். டாப்-அப் எதுவும் பண்ணலயாம், கடைசி தவணை ஸ்டேட்மென்ட்டும் ஃபைல்லயே இருக்கு, 2010 ஜூன். கமிஷன் எவ்ளோன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொன்னதில்லையாம். நான் இதைப் படிச்சுக் காட்டினப்போ "முக்கால்வாசி கமிஷனா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு.

தேம்ஸ்கரை:
அப்போ தேதி பிரச்சனை இல்ல. இப்போதைக்கு ஒரே ஒரு லெட்டர், அப்பா கையெழுத்தோட: என் பேர்ல இருக்குற எல்லா தகவலும் வேணும், குறிப்பா பிபிஐ பிரீமியம், அதுல பேங்க் வாங்கின கமிஷன். இது டேட்டா சட்டப்படி உரிமை, ஃபீஸ் கிடையாது, ஒரு மாசத்துல பதில் தரணும். பழைய லோன்னு அழிச்சிருக்கலாம், அதனால உங்க கைல இருக்குற ஒரிஜினலை யார்கிட்டயும் குடுக்காம ஸ்கேன் பண்ணி வைங்க, டிக் அடிச்ச அந்தப் பக்கத்தை முதல்ல. பதில் வந்ததும் கேஸ் போடுறதுக்கு முன்னாடி இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ்லயோ ஒரு சொலிசிட்டர்கிட்டயோ காட்டுங்க, தோத்தா செலவு யார் தலைலன்னு அங்கயே கேட்டுக்கோங்க.

மின்மினி:
லெட்டர் எழுதிட்டேன், அப்பா கையெழுத்து போட்டாச்சு. இந்த தடவ ஒவ்வொரு வரியையும் படிச்சிட்டு தான் போட்டாரு. நாளைக்கு காலைல ரெக்கார்டட் டெலிவரில அனுப்புறேன், பதில் வந்ததும் இங்க போடுறேன்.